ஸைன் நடித்தான்

கேள்வி இதுதான்: "நேற்று ராத்திரி 'கேபர்நாம்' பார்த்தேன். தூக்கமே வரவில்லை. அந்தப் பையன் நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறான். தெருவில் திரிந்த குழந்தைகளையே பிடித்துப் போட்டுப் படம் எடுத்தார்களாமே, உண்மையா? அவர்களெல்லாம் இப்போது எங்கே? பத்து வயது மகளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த "நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறான்". நம் ஊர் விமர்சனத்தில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. சிவாஜிக்குச் சொன்னால் அது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அவர் நடிகர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதையே தெருவிலிருந்து வந்த ஒரு பையனுக்குச் சொல்லும்போது கணக்கு மாறிவிடுகிறது. அவன் உழைத்துச் செய்ததை அவன் கையிலிருந்து பிடுங்கி அவனுடைய வறுமைக்குக் கொடுத்துவிடுகிறோம். பசித்தவனைப் படம் பிடித்தார்கள், பசி தெரிந்தது, அவ்வளவுதானே என்பது போல. நான் இந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்தவன். பார்க்கப் பார்க்க, அந்தப் பையன் ஸைன் நடித்திருக்கிறான், அதுவும் அசாத்தியமாக நடித்திருக்கிறான் என்ற எண்ணம்தான் உறுதிப்பட்டது.

இந்த லெபனான் படத்தின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். கப்பர்நகூம் என்று தமிழ் பைபிளில் வருமே, இயேசு வந்து தங்கிய கலிலேயாவின் கடலோர ஊர், அதே பெயர்தான். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நாளடைவில் வேறு பொருள் ஏறிவிட்டது: தாறுமாறாகக் குவிந்து கிடப்பது, ஒரே குழப்பம். லெபனானில் பிரெஞ்சு சரளமாகப் புழங்கும். இயக்குநர் நதீன் லபாக்கி அந்தப் பொருளில்தான் பெயர் வைத்தார். படம் 2018-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. பிறகு வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பட்டியலிலும் இடம் பிடித்தது. அந்தப் பிரிவில் அரபுப் பெண் இயக்குநர் ஒருவரின் படம் பட்டியலுக்கு வந்தது அதுவே முதல் முறை. பரிசு 'ரோமா'வுக்குப் போய்விட்டது.

படம் எப்படித் தோன்றியது என்று லபாக்கியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு விருந்து முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்புகிறார். சிக்னலில் கார் நிற்கிறது. நடைபாதையில் பிச்சையெடுக்கும் தாயின் மடியில் ஒரு குழந்தை; தூக்கம் சொக்குகிறது, படுக்க வழியில்லை. வீட்டுக்குப் போனதும் பெரியவர்களைப் பார்த்துக் கத்தும் ஒரு குழந்தையின் முகத்தை வரைந்தாராம். பிறகு சில ஆண்டுகள் சேரிகள், சிறார் காவலிடங்கள், நீதிமன்றங்கள் என்று அலைந்திருக்கிறார். சந்தித்த குழந்தைகளிடம் கேட்ட ஒரு கேள்வி, உயிரோடு இருப்பதில் உனக்குச் சந்தோஷமா என்பது. பெரும்பாலும் இல்லை என்றே பதில் வந்ததாம். படத்தில் "என்னைப் பெற்றதற்காக" என்று அம்மா அப்பா மேலேயே பையன் வழக்குப் போடுவது அந்தப் பதில்களிலிருந்து பிறந்த கற்பனை. லெபனான் சட்டத்தில் அப்படி ஒரு வழக்கு நடக்காது, அது ஒரு குறியீடுதான்.

இனி உங்கள் கேள்வி: நிஜம் எவ்வளவு?

ஸைன் என்ற பாத்திரமாகவே வந்த ஸைன் அல் ரஃபீஆ 2004-ல் சிரியாவின் தெற்கே தரா என்ற ஊரில் பிறந்தவன். 2011-ல் சிரியாவின் கிளர்ச்சி மூண்டதே அந்த ஊரில்தான். மறு ஆண்டு குடும்பம் லெபனானுக்கு ஓடிவந்தது. பெய்ரூத்தில் பள்ளிக்கூடம் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது, கடைச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடி வேலை. தெருவில் சேக்காளிகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஜெனிஃபர் ஹத்தாத் கண்ணில் பட்டான். வயது 12, உருவம் எட்டு வயதுக்குரியது. படத்தின் தொடக்கத்தில் ஒரு மருத்துவர் அவன் வாயைத் திறந்து பார்த்து, பால் பல் ஒன்றும் மிச்சமில்லை, பன்னிரண்டு பதிமூன்று இருக்கும் என்கிறார், நினைவிருக்கிறதா? பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பல்தான் சான்றிதழ்.

இதுவரை நிஜம். இதற்குப் பிறகு நிஜமில்லாததைப் பாருங்கள். கதையில் வரும் ஸைன் லெபனான்காரன், எங்கேயும் பதியப்படாதவன். இவன் சிரிய அகதி. கதையின் பெற்றோர் 11 வயது மகளைக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். நிஜ ஸைனின் பெற்றோர் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்று இயக்குநர் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படியென்றால், நீதிமன்றத்தில் அம்மாவைப் பார்த்து அவன் பார்க்கும் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? அவன் வீட்டிலிருந்து வரவில்லை. தனக்கில்லாத ஒரு தாயை மனதுக்குள் உண்டாக்கி, அவள் மேல் வெறுப்பையும் உண்டாக்கி, அதைக் கேமரா முன்னால் வேண்டும்போது எடுத்துக் காட்டுவதற்கு நடிப்பு என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கிறதா?

வசனத்தாளைக் கொடுத்தால் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. காட்சியை வாயால் சொல்வார்கள், அவன் தன் பேச்சில் பேசுவான். அந்தக் கெட்ட வார்த்தைகள், அந்தப் பேரம் பேசும் தோரணை, தோளைக் குலுக்கும் விதம் எல்லாம் அவன் கொண்டுவந்தவை. இதைச் சொன்னால் சிலர் "அப்போ நடிப்பு இல்லைதானே" என்பார்கள். நம் ஊர்க் கூத்தில் ஏட்டைத் தொடாமல் கேட்டுக் கேட்டே பாடம் ஏற்றிக்கொண்ட கலைஞர்கள் எத்தனை பேர்? அவர்களை யாராவது நடிகரில்லை என்று சொன்னோமா?

தங்கையின் காட்சி ஒன்று போதும். ஸஹருக்கு முதல் முறை ரத்தம் படுகிறது. வீட்டில் தெரிந்தால் கல்யாணம்தான் என்று இவனுக்குத் தெரியும். அவள் உள்ளாடையைத் தானே கசக்கிக் கொடுக்கிறான், தன் சட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்கிறான், கடையிலிருந்து அணையாடை திருடி வருகிறான். முகத்தில் அழுகை கிடையாது. சிடுசிடுப்புதான், ஒரு பெரிய மனுஷனின் அவசரம். பரிதாபத்தைக் கொட்டியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். அடக்கி வாசிப்பதற்குப் பெரிய பெரிய நடிகர்களே படாத பாடு படுவார்கள். ஸஹராக வந்த சித்ரா இஸாமும் பெய்ரூத் தெருக்களில் சூயிங்கம் விற்றுக்கொண்டிருந்த சிரியச் சிறுமி.

எங்கள் ஊரில் சின்னதாக ஒரு திரைப்படச் சங்கம் வைத்திருக்கிறோம். அங்கே இந்தப் படத்தைப் போட்டபோது விவாதத்தில் வறுமை, அரசியல், நிஜத் தெருவில் நிஜ மனிதர்களை வைத்து எடுக்கும் நியோரியலிசம் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, யாரோ கூட்டிவந்தவர், கையைத் தூக்கி, "அந்தக் கைக்குழந்தைக்கு ஷூட்டிங்ல யாரு பால் கொடுத்தாங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

கதையில் வீட்டை விட்டு ஓடும் ஸைனுக்கு இடம் கொடுப்பவள் ராஹில் என்ற எத்தியோப்பிய வேலைக்காரப் பெண்; அவள் கைதான பிறகு அவளுடைய கைக்குழந்தை யோனாஸை ஸைன்தான் பார்த்துக்கொள்கிறான். யோனாஸ் என்ற அந்த ஆண் குழந்தையாக வருவது ஒரு பெண் குழந்தை. பெயர் ட்ரெஷர் பங்கோலே. ஒரு வயதுகூட நிரம்பாதது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அதன் பெற்றோரை நாட்டில் தங்குவதற்கான தாள் இல்லையென்று போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்விட்டது. சில வாரங்கள் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டவர் அதே ஜெனிஃபர் ஹத்தாத். லபாக்கியும் அப்போது கைக்குழந்தைக்காரி; காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஓடிப்போய் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவாராம். திரையில் அந்தக் குழந்தை தாயில்லாமல் தவிக்கும் நேரத்தில் நிஜத்திலும் தாய் உள்ளே இருந்தாள். இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளைப் பழையபடி என்னால் பார்க்க முடியவில்லை.

தாய் ராஹிலாக வந்த யோர்தானோஸ் ஷிஃபராவுக்கும் இதே கதி. கைதாகும் காட்சியில் நடித்து முடித்த சில நாட்களில் அவரையே நிஜமாகக் கைது செய்தார்கள். லபாக்கி போய் பொறுப்பேற்றுக்கொண்டு மீட்டார்.

ராஹிலின் கதைக்கு அடியில் இருப்பது 'கஃபாலா' என்ற முறை. வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணின் தங்கும் உரிமையை முதலாளியின் பெயரோடு முடிந்துவைப்பது. வீட்டை விட்டு வெளியேறினால் அந்த நிமிடமே அவள் சட்டவிரோதி. பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் தாள் கிடையாது. இது இலங்கைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லெபனானில் வேலைக்குப் போன இலங்கைப் பெண்களின் எண்ணிக்கையால், அங்கே பேச்சு அரபில் "ஸ்ரீலங்கியே" என்ற சொல்லே வேலைக்காரி என்ற பொருளில் புழங்கியது. எத்தியோப்பியாவிலிருந்து வந்தாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தாலும் அவள் "ஸ்ரீலங்கியே". ராஹிலின் பெட்டியும், கள்ளத் தாளுக்கு அவள் சேர்க்கும் காசும் நம் பக்கத்து வீடுகளிலும் கேட்ட கதைதான்.

"பிடித்துப் போட்டு எடுத்தார்களாமே" என்பதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. வறுமையைக் காட்டிக் காசு பார்த்த படம் என்று எழுதியவர்கள் உண்டு. காசு வந்தது உண்மைதான். சுமார் 40 லட்சம் டாலரில் எடுத்த படம், சீனாவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இசையமைத்துத் தயாரித்த காலித் முஸன்னர், லபாக்கியின் கணவர், வீட்டை அடமானம் வைத்துத்தான் பணம் புரட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதப் படப்பிடிப்பு. 500 மணி நேரத்துக்கு மேல் பதிவு. முதலில் வெட்டி ஒட்டியபோது 12 மணி நேரம் வந்ததாம். இரண்டு ஆண்டு படத்தொகுப்பு. இந்த எண்களே ஒரு சங்கதியைச் சொல்லும்: பயிற்சியில்லாத பிள்ளைகளை, அதிலும் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவசரப்படுத்த முடியாது. கேமராவைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கி ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிறிஸ்டோஃபர் அவூனின் ஒளிப்பதிவில் பெரியவர்கள் பல இடங்களில் வெறும் இடுப்பும் காலுமாகத் தெரிவது அதனால்தான்.

எனக்குப் படத்தின் மேல் உள்ள குறை வேறு. சிறையிலிருந்து டிவி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, வளர்க்க முடியாதவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று ஸைன் பேசும் இடம். படம் முழுக்கச் சட்டமும் எல்லையும் தாளும் செய்த கொடுமையைக் காட்டிவிட்டு, பழியைக் கொண்டுபோய் ஏழைத் தாயின் வயிற்றில் வைப்பது என்ன நியாயம்? அந்தத் தாய் வழக்கறிஞரைப் பார்த்து, என் இடத்தில் நீ ஒரு நாள் இருந்திருக்கிறாயா என்ற பொருளில் வெடிப்பாள். வழக்கறிஞராக வருவது லபாக்கியேதான். அந்த வசவை இயக்குநர் தானே வாங்கிக்கொள்கிறார் என்பதால் கொஞ்சம் மன்னிக்கலாம். ஆராய்ச்சிக்காக அவர் சந்தித்த ஒரு தாய், 16 பிள்ளை பெற்றவள், சர்க்கரையும் ஐஸ்கட்டியும் கொடுத்துப் பசியாற்றியிருக்கிறாள். யோனாஸுக்கு ஸைன் ஊட்டுவதும் அதேதான்.

குழந்தைகளை வைத்து எடுப்பதில் இன்னொரு பாணி இருக்கிறது. ஜப்பானின் ஹிரோகாஸு கொரே-எடா. 2018-ல் கானில் தங்கப் பனை என்ற முதல் பரிசு வாங்கியது அவருடைய படம்தான். அதற்கு முன் 2004-ல் 'நோபடி நோஸ்' எடுத்தார். 1988-ல் டோக்கியோவில் தாய் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாகவே வாழ்ந்த உண்மைச் சம்பவம் அதற்கு விதை. 2002 இலையுதிர் காலம் தொடங்கி 2003 கோடை வரை, கதையின் வரிசைப்படியே எடுத்தார். பிள்ளைகள் கையில் வசனம் கொடுக்கவில்லை, அந்தந்த நேரத்தில் காதில் சொன்னார். மூத்தவனாக வந்த யூயா யகிராவுக்குப் படம் முடிவதற்குள் உயரமும் கூடி, குரலும் உடைந்துவிட்டது. கானில் சிறந்த நடிகர் பரிசு அவனுக்கு, 14 வயதில். இன்றுவரை அந்தப் பரிசை வாங்கியவர்களில் அவன்தான் இளையவன். பரிசு கொடுத்த அன்று அவன் அங்கே இல்லை. பள்ளித் தேர்வுக்காக ஊர் திரும்பிவிட்டான்.

அந்தத் தேர்வுதான் இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம். யகிரா பட்டினிப் பிள்ளையாக நடித்துவிட்டுச் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படித்தான். ஸைன் நடித்துவிட்டுத் திரும்பியது அதே தெருவுக்கு. கொரே-எடாவுக்குப் படம் முடிந்ததும் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். லபாக்கிக்கு அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் பொறுப்பு நிறைவேறாமல் போனதற்கு நெஞ்சைப் பிசையும் உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. ஹெக்டர் பபென்கோவின் 'பிஷோத்தே' 1980-ல் வந்தது. தெருப்பிள்ளையாக நடித்து உலகப் புகழ் பெற்ற ஃபெர்னாண்டோ ராமோஸ் த சில்வா, 1987-ல் சாவோ பாவுலோ பக்கத்தில் போலீஸ் சுட்டு இறந்தான். 19 வயது. நம் நாட்டிலேயே, 'சலாம் பாம்பே'யில் நடித்துச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது வாங்கிய ஷஃபீக் சையத், பிற்பாடு பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். ஆட்டோ ஓட்டுவது கேவலமில்லை. ஆனால் அடுத்த படம் என்று ஒன்று ஒழுங்காக அவருக்கு வாய்க்கவில்லை. "வாழ்ந்தான், நடிக்கவில்லை" என்று எல்லாரும் கைதட்டிவிட்டதன் பலனில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். நடிகன் என்று நினைத்திருந்தால் இன்னொரு பாத்திரத்துக்குக் கூப்பிட்டிருப்பார்களே. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தப் படத்தின் வருமானத்திலிருந்து 1988-ல் தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளை இன்றும் தெருப்பிள்ளைகளுக்காக இயங்குகிறது.

'கேபர்நாம்' பிள்ளைகள் விஷயத்தில் செய்தி பரவாயில்லை. அகதிகளுக்கான ஐநா அமைப்பின் வழியாக 2018-ல் ஸைன் குடும்பத்தோடு நார்வேக்குப் போனான். ஊர் ஹம்மர்ஃபெஸ்ட், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கடலோரம். அங்கேதான் முறையாகப் பள்ளிக்கூடம் பார்த்தான். 2021-ல் குளோயி ஜாவோ இயக்கிய 'எடர்னல்ஸ்' என்ற மார்வெல் படத்தில் சின்னப் பாத்திரம் ஒன்றில் தலைகாட்டினான். பாத்திரம் சின்னதுதான், ஆனால் அகதிச் சிறுவன் என்பதற்காக இல்லாமல் நடிகன் என்று கூப்பிட்ட வேலை. ட்ரெஷர் தாயோடு கென்யா போய்ச் சேர்ந்தது. சித்ராவும் மற்றப் பிள்ளைகளும் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்காகவே படக்குழு ஓர் அறக்கட்டளையும் தொடங்கியது. படத்தில் கடைசியாக ஒரு அடையாள அட்டைப் போட்டோவுக்கு, சிரிடா, இது சாவுச் சான்றிதழ் இல்லை என்று போட்டோகிராபர் சொல்ல அவன் சிரிப்பானே, அந்த ஒரே சிரிப்பு. அதற்காக இரண்டு மணி நேரம் சிரிக்காமல் வைத்திருந்தான் பாருங்கள்.

இனி உங்கள் மகள். பத்து வயதுக்கு முழுப் படம் வேண்டாம் என்பது என் கருத்து. கெட்ட வார்த்தைகளை விடுங்கள், அரபு அவளுக்கு எங்கே புரியப்போகிறது. ஸஹரின் கல்யாணமும் அதன் முடிவும் பதினாலு பதினைந்து வயதில், பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்போது பார்க்க வேண்டியவை. இப்போதைக்கு மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' போடுங்கள். 1997-ல் வந்த ஈரான் படம். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவார்கள். மூன்றாம் பரிசு ஷூ என்பதால் மூன்றாவதாக வர ஓடியவன் முதலாவதாக வந்துவிட்டு அழுவான். இதைத் தமிழில் 'அக்கா குருவி' என்று 2022-ல் எடுத்தார்கள். மூலத்தையே பாருங்கள், சப்டைட்டிலை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

'கேபர்நாமில்' ஒரே ஒரு காட்சியை மட்டும் தனியாக எடுத்து அவளுக்குக் காட்டலாம். வீட்டில் டிவி இல்லை, குழந்தை சிணுங்குகிறது. ஸைன் ஒரு கண்ணாடியைத் தூக்கி வெளியே திருப்பிவைத்துப் பக்கத்து வீட்டு டிவியின் கார்ட்டூனை அதில் விழவைக்கிறான். படம் தெரிகிறது, சத்தம் இல்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் இவனே குரல் கொடுத்துக் கதை சொல்கிறான். குழந்தை வாயைப் பிளந்து பார்க்கிறது.